தீன்யாருக்காகத் தூசி தட்டியது

யஸ்த்,
எஸ்ஃபந்த் மாதத்தின் கடைசி நாள்

அன்பு மகள் கத்தாயூனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், ஏணியில் ஏற்றி இறக்கிய கோபத்தில் என் முழங்கால் மட்டும் என்னோடு பேசுவதில்லை. அந்த ஓயாத மழைக்கு நடுவே நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்று என் வாக்கியங்களைத் திருத்துகிறாள், நீயோ உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் பெர்கனில் சிக்னல் போய்விட்டது என்கிறாய். கடிதத்துக்குச் சிக்னல் போகாது. பக்கத்து வீட்டு பானுவின் மகன் விடுமுறை முடிந்து உங்கள் ஊருக்குத்தான் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு டப்பா இனிப்பையும் கொடுத்தனுப்புகிறேன். டப்பா பாதி காலியாக வந்தால் ஆச்சரியப்படாதே, அவன் பானு பெற்ற பிள்ளை. போன மாதம் நீ போனில் ஒன்று கேட்டாய், இந்த வருஷம் பஞ்ஜே மேஜையில் தீன்யார் மாமாவின் படத்தை வைப்பீர்களா என்று. என் வீட்டில் வைக்கமாட்டேன் என்றேன், நீ அழுதாய், பிறகு சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் நடந்ததில் தன் பக்கத்தை உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். இது என் பக்கம்.

அந்த ஊர் மழையில் நீ மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன், வருஷத்தின் கடைசி ஐந்து நாளான பஞ்ஜே, மேஜையில் நாம் படம் வைத்த செத்தவர்கள் நம் வீட்டில் வந்து தங்குகிற நாட்கள். ஊரில் மற்றவர்களெல்லாம் நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தாளிக்காக வீட்டைக் குலுக்கிச் சுத்தம் செய்கிறார்கள், அது சுலபம், விருந்தாளி சோபாவுக்கு அடியில் குனிந்து பார்க்கமாட்டான். நம் விருந்தாளிகள் சுவர் வழியாக வருகிறவர்கள், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஒட்டடைதான் அவர்கள் கண்ணில் முதலில் படும். என் அப்பா வருகிறார் என்றால் நான் சலிக்காமல் கம்பளம் தட்டுவேன், அம்மா வருகிறாள் என்றால் விளக்கின் ஒவ்வொரு கண்ணாடித் துளியையும் கழற்றிக் கழுவுவேன். தீன்யாருக்காக எதற்குத் தட்ட வேண்டும்? தெஹ்ரானில் உனக்குப் பரீட்சை என்று என்னிடம் சொல்லிவிட்டு, தான் ஓட்டுகிற பஸ்ஸிலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு போய், விடிவதற்குள் விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தவன் அவன். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரில் கற்கண்டைக் கரைத்துக்கொண்டே, "மச்சான், கோச்சுக்காதீங்க, பொண்ணு இந்நேரம் மேகத்துக்கு மேல போய்க்கிட்டிருக்கா" என்றான். நான் அந்தத் தேநீரை அவன் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் ஊற்றினேன். அதற்குப் பிறகு அவன் சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்து நான் வருந்துகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. விமானம் ஏறியது நீதான் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் உன்மேல் கோபப்பட்டால் போனை எடுக்கமாட்டாய், அவன் எப்படியும் எடுக்கப்போவதில்லை.

மாதம் பிறந்ததும் வழக்கம்போல வேலையைத் தொடங்கினோம். உன் அம்மா இந்த வருஷமும் வினிகரையும் சோடா உப்பையும் ஒரே வாளியில் கலந்தாள். அது நுரைத்து அடங்கியதும் மிச்சம் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர் என்று இத்தனை வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் எடுத்துச் சொன்னால், "நுரை வந்துச்சுல்ல, அது போதும்" என்கிறாள். அந்த உப்புத் தண்ணீரில்தான் நம் ஜன்னல்கள் பளபளக்கின்றன, எப்படி என்று என்னைக் கேட்காதே. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், இந்த வேலையில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. மொட்டைமாடியில் கம்பளத்தை விரித்து, தண்ணீர் ஊற்றி, கட்டையால் தள்ளத் தள்ள முதலில் சேறாக, பிறகு தேநீர் நிறமாக, கடைசியில் ஒன்றுமில்லாத தண்ணீராக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். யாரும் அப்போது நம்மிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து என் தலைக்கு மேல் தலைமை ஆசிரியராகிவிட்ட அந்த மேதாவியின் ஞாபகம்கூட அந்த நேரத்தில் வருவதில்லை. அந்தச் சுகம் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியைத் திறக்கிறவரைதான். திறந்தால் உள்ளே முழுக்க தீன்யார். பல்பு எரிகிற பிளாஸ்டிக் படகு. மூக்கு உடைந்த பீங்கான் நாட்டியக்காரி. பந்தர் அப்பாஸ் கடல் சிப்பிகளை ஒட்டிச் செய்த மயில், அதற்கு வால் இருக்கிறது, கண் இல்லை. எந்தத் திராட்சைத் தோட்டமும் மன்னிக்காத ஊதாநிற ரப்பர் திராட்சைக் கொத்து. பஸ் நின்ற ஊரிலெல்லாம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நம் தலையில் கட்டியிருக்கிறான். உன் அம்மா ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, குழந்தைக்குத் துவட்டுகிற மாதிரி துவட்டி, இது கத்தாயூனுக்குப் பல் முளைத்தபோது கொண்டுவந்தது, இது எனக்கு ஆபரேஷன் ஆனபோது கொண்டுவந்தது என்று வரலாறு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அதில் அடுக்கி டேப் ஒட்டிவிட்டேன். இந்த வருஷம் அலமாரியிலும் அவன் இல்லை, மேஜையிலும் அவன் இல்லை என்றேன். காலியான அலமாரி, நோயாளி வராத பல் டாக்டரின் கூடம் மாதிரி இருந்தது. அழகாக இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன்.

உன் அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து நானும் தயாராக நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க வாத்தியாரய்யா, உங்க வீட்டுக்கு உங்க ஆளுங்க வரட்டும். என் தம்பி எங்க போவான்? பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. வேற யார் வீட்டுக் கதவு அவனுக்குத் திறந்திருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பஸ் டிப்போவுக்குப் போகட்டும், அங்கே அவனுக்கு நிறையப் பேரைத் தெரியும் என்றேன். அது நல்ல பதில் என்றுதான் அன்று நினைத்தேன். பஞ்ஜே தொடங்குவதற்கு முதல்நாள் காலையில் அவள் துடைப்பம், வாளி, போர்வை, அந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நவ்ரூஸுக்குள் காலி செய்யவேண்டிய தீன்யாரின் வாடகை வீட்டுச் சாவி அவளிடம்தானே இருக்கிறது. "அவன் வீட்டை நான் தட்டிப் பெருக்கி அங்கேயே அவனுக்கு மேஜை போடுறேன். அஞ்சு நாளும் அங்கதான் இருப்பேன். நீங்க உங்க அப்பாவுக்குச் சீரோக் ரொட்டி சுட்டுப் போடுங்க, எண்ணெய் காயறதுக்கு முன்னாடி மாவைப் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்சிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எண்ணெய் காய்வதற்கு முன்னால்தான் மாவைப் போட்டேன். அது அப்பளமாகவும் இல்லாமல் ரொட்டியாகவும் இல்லாமல் ஒரு புது வஸ்துவாகக் கிடந்தது. அடுத்ததைக் காய்ந்த எண்ணெயில் போட்டேன், அது கரியாகி வீடு முழுக்கப் புகை. எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு முன்னோர்கள் வந்து சேருவார்கள் என்பார்கள், முதலில் வந்து சேர்ந்தது பானு. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, "என்ன வாத்தியாரே, பெரியவங்களைக் கூப்பிடுறீங்களா, துரத்துறீங்களா?" என்றாள். கோஹர் எங்கே என்று உன் அம்மாவைத் தேடினாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். "நேத்துக் காலையிலேர்ந்தா? துடைப்பமும் போர்வையும் எடுத்துக்கிட்டா?" என்றாள். அந்தத் தெருவில் இனி யாருக்கும் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. மேஜையில் என் அப்பாவும் அம்மாவும் படத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைகள் வேறு குளியலறைத் தொட்டியில் ஊறிக்கொண்டே கிடந்து நாற ஆரம்பித்திருந்தன. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தீன்யார் குடியிருந்த இடத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை, உனக்குத்தான் அந்த வீடு பழக்கம். கதவு திறந்திருந்தது. உன் அம்மா நாற்காலிமேல் நின்று ஜன்னல் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு கெட்டில், ஒரு தேநீர்க் குவளை, சுவரில் பஸ் கம்பெனி கொடுத்த காலண்டர். வேறொன்றும் இல்லை. அலமாரித் தட்டில் வெறும் செய்தித்தாள் விரித்திருந்தது. மற்றதையெல்லாம் அதற்குள் மூட்டை கட்டிவிட்டாயா என்று கேட்டேன். "எதை மூட்டை கட்டறது? இருந்ததே இவ்வளவுதான். வாங்கினதையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தானே கொண்டுவந்தான்" என்றாள். தன் வீட்டை ரொப்பிவிட்டு மிச்சத்தை நம்மிடம் தள்ளுகிறான் என்றே இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன், கத்தாயூன். தட்டுவதற்குத் தூசி உட்காரக்கூட ஒரு பொம்மை இல்லாத வீட்டை உன் அம்மா இரண்டு நாளாகத் தட்டிக்கொண்டிருந்தாள். இதனால் அவன் செய்தது சரியென்று ஆகிவிடாது. அடுப்பில் மட்டும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கல்லாக இறுகியிருந்தது, அது உப்புத் தண்ணீருக்கு மசிகிற பிசுக்கு இல்லை. நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வெறும் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். கை கழுவிவிட்டு, திரைச்சீலை நாறுகிறது, கிளம்பு என்றேன். "அவன் படம்?" என்றாள். வைத்துத் தொலை என்றேன். "நான் வைக்கிறதுக்கு உங்க அனுமதி எதுக்கு? உங்க கையால வைக்கிறதா இருந்தா வர்றேன்" என்றாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் வைப்பதற்குப் படம் இல்லை. அடக்கத்தன்று பஸ் கம்பெனிக்காரர்கள் அவனுடைய ஓட்டுநர் உரிமப் படத்தைப் பெரிதாக்கி வைத்தார்களே, அதில் அவன் போலீஸ் தேடும் ஆள் மாதிரி முறைக்கிறான். வீட்டுக்கு வருகிறவன் தன்னையே பார்த்துப் பயந்துவிடுவான், அது வேண்டாம் என்றாள் உன் அம்மா. செல்போனில் இருப்பவற்றிலெல்லாம் பாதி முகம் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் இருக்கிறது. மற்றப் படங்களில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறான், உயிரோடு இருப்பவர்களை அந்த மேஜையில் வைக்கக்கூடாது. கடைசியில் அகப்பட்டது எங்கள் கல்யாணப் படம்தான். மணப்பெண்ணின் தம்பி என்ற முறையில் எனக்குப் பின்னால் நின்று, பச்சைப் பட்டுத் துணியையும் மாதுளையையும் கத்தரிக்கோலையும் என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனால் நவ்ரூஸ் கூட்டம், விடுமுறை கழித்து வாருங்கள் என்றார்கள். அப்படியே வைத்தால் என்ன என்று கேட்டேன். "வைங்க, அடுத்த வருஷம் நிஜமாவே சுவர் வழியா வர்ற உத்தேசம் இருந்தா" என்றாள். சரி, வெட்டிவிடலாம் என்றேன். அவள் கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினாள், நானே உட்கார்ந்து வெட்டினேன். முதலில் உன் அம்மாவை வெட்டி எடுத்தேன், பிறகு என்னை. அவன் கை என் தொப்பியை ஒட்டி இறங்கியிருந்தது, தொப்பியை முழுக்க எடுத்தால் அவன் விரல்கள் போகும். விரலில்லாதவனை மேஜையில் வைக்க முடியாது. அதனால் என் தொப்பியின் உச்சி மட்டும் அவன் கைக்குக் கீழே அப்படியே நிற்கிறது. சட்டம் போட்டு என் அப்பாவுக்குப் பக்கத்தில், நீர்க்குடத்துக்கும் சைப்ரஸ் கிளைக்கும் நடுவில் நிறுத்தினேன். பொம்மைகளெல்லாம் மறுபடி ஒரு குளியல் போட்டு அலமாரிக்கு வந்துவிட்டன. அந்தப் படகை மட்டும் பல்பை எரியவிட்டு அவன் படத்துக்கு எதிரே வைத்திருக்கிறேன், தன் ரசனையை இங்கே தங்குகிறவரை தானே பார்த்து அவஸ்தைப்படட்டும்.

இன்றோடு நாட்கள் முடிகின்றன. நாளை விடிவதற்குள் மொட்டைமாடியில் தீ மூட்டி அவர்களை வழியனுப்ப வேண்டும். விறகை நானே மேலே ஏற்றிவைத்துவிட்டேன், முழங்கால் அதற்கும் சேர்த்துத்தான் கோபித்துக்கொண்டிருக்கிறது. ஒளித்து மறைத்து அனுப்பமாட்டேன், தெருவே பார்க்கும்படி அனுப்புவேன், பானுவுக்கும் சொல்லியாயிற்று. உன்னை வழியனுப்ப எனக்குக் கிடைக்காத விடிகாலையை அவனை வழியனுப்பச் செலவழிக்கப் போகிறேன். இதில் இருக்கும் அநியாயம் அவனுக்குப் புரியும், ஓட்டுநர் என்றாலும் முட்டாள் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடும், உடம்பிலும் மனத்திலும் தெம்போடும் இருக்க அஹுரா மஸ்தா துணை இருக்கட்டும். புது வருஷம் உனக்கு வெளிச்சமாகப் பிறக்கட்டும். அங்கே தூசி இல்லை என்று சொல்லாதே, மழை பெய்கிற ஊரிலும் அலமாரிக்குப் பின்னால் தூசி உண்டு, ஒரு தடவையாவது நகர்த்திப் பார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடு. இன்னொன்று, மறந்துவிடாதே. உன்னிடம் மாமா தனியாக இருக்கும் நல்ல படம் ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த பஞ்ஜேவுக்கு அது வேண்டும், என் தொப்பி இன்னொரு வருஷம் அந்த மேஜையில் இருப்பது எனக்கு நல்லதில்லை என்று உன் அம்மா இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். போனில் அனுப்பாதே, தபாலிலும் அனுப்பாதே, வழியில் மடங்கிவிடும். கையில் கொண்டு வா.

உன் அப்பா,
நாம்தார்