ஆணியில் தொங்கிய கார்டு

வியாழன், பிப். 6. ஷார்ஜா ஏர்போர்ட்

ஒரே புழுதி. புஜைராவிலிருந்து வரும் வழியெல்லாம் மலையே தெரியவில்லை.

எடுத்தவை: ஸ்கீ பூட்ஸ், கம்பளிச் சாக்ஸ் 4 ஜோடி, பருப்புப்பொடி, முழங்கால் உறை, சைட்டில் போடும் காதடைப்பான் (பாலாவின் குறட்டைக்கு). மறந்தது: உதட்டுக்குத் தடவுவது. மனைவி போனில் சிரிக்கிறாள். ஊருக்கெல்லாம் செக்லிஸ்ட் போடுகிற ஆளாம்.

மூன்று பேர். நான், பாலா, சேவியர். துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் செயற்கைப் பனியில் விழுந்து விழுந்து ஸ்கீ கற்ற கூட்டாளிகள். இரண்டு வருடம் ஜார்ஜியாவில், மேலே கொண்டுபோக லிஃப்ட் வைத்த சரிவுகள். இந்த முறையும் அங்கேதான், ஆனால் லிஃப்ட் கிடையாது, ரோடு கிடையாது. மலைமேல் ஒரு மரக்குடில். நாமே ஏறி நாமே சறுக்க வேண்டும்.

ஏற்பாடு பாலா. மதுரைக்காரன், துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலை, ஊர் வம்பெல்லாம் அத்துப்படி. எதற்காக எங்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறான் என்பது எனக்கும் தெரியும், சேவியருக்கும் தெரியும். ஐந்து வருடம் "ஏல ரவி" என்று என்னைக் கூப்பிட்ட சேவியர், போன ரமலானிலிருந்து "சார்". இன்றும் செக்-இன் வரிசையில், "சார், உங்க பேக் இடிக்குது."

வெள்ளி, பிப். 7. குடில்

மைனஸ் 6. நல்ல வெயில். ஜீப் ஒரு சர்ச் வாசலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மூன்று மணி நேர ஏற்றம். பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் முடி வைத்த பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். வழிகாட்டி கியோர்கி அதிகம் பேசாதவர். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஹாலில் விறகு அடுப்பு. உள்ளறையில் மேலும் கீழுமாக ஆறு கட்டில். பின்கதவைத் திறந்தால் விறகுக் கொட்டகை.

கை சும்மா இருக்கவில்லை. பேரீச்சம்பழ டப்பாவை வெட்டி நாலு பேருக்கும் பெயர் எழுதிக் கார்டு செய்தேன். முன்வாசலில் நாலு ஆணி இருந்தது. வெளியே போனால் கார்டை மாட்ட வேண்டும், வந்ததும் எடுத்துவிட வேண்டும். நானும் சேவியரும் வேலை பார்க்கும் எண்ணெய் டேங்க் யார்டில் இதே முறைதான். அங்கே கார்டு தொங்கினால் ஆள் இன்னும் யார்டுக்குள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், இங்கே இன்னும் மலையில்.

இங்கேயும் சேஃப்டி ஆபீசரா என்றான் பாலா. சேவியர் தன் கார்டைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தி கெட்ட வேலை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன ரமலானில் ஒரு நாள் சேவியர் ஷிஃப்ட் முடிந்து, கார்டை எடுக்காமல் ரூமுக்குப் போய்விட்டான். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று சைரன், எல்லா வேலையும் நிறுத்தம், டேங்க் டேங்காகத் தேடல். அவன் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் "அலட்சியம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஆக வேண்டியவன் இன்னும் டெக்னீஷியன்.

சாப்பாடு: சோறு, பருப்புப்பொடி, சேவியர் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. கியோர்கி மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

சனி, பிப். 8

காலை. யார் தடமும் இல்லாத பனி. சத்தமே இல்லை. ஒரு முறைகூட விழாமல் அடிவரை வந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், காரணமில்லாமல். மூவரில் சேவியர்தான் கெட்டி. படகில் நின்று பழகிய கால்.

மதியம் முழங்கால் வலி. குடில் கண்ணெதிரே தெரிந்தது, கியோர்கி சரி என்று தலையாட்டினார், நான் மட்டும் முன்னால் இறங்கினேன். விறகு எடுக்கலாம் என்று பின்பக்கம் போய், ஸ்கீயைக் கொட்டகையில் சாத்திவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே. பனியில் புதைந்தால் கண்டுபிடிக்க நெஞ்சில் ஒரு சிக்னல் பெட்டி கட்டியிருப்போம். அதையும் அணைத்தேன். மேல் கட்டிலில் அடுப்புச் சூடு இதமாக இருந்தது. காதடைப்பான், கம்பளி, தூக்கம்.

பாலா காலைப் பிடித்து இழுத்தபோதுதான் விழித்தேன். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர்கள் வந்தபோது மூடுபனி. வாசலில் என் கார்டு தொங்குகிறது, ஸ்கீ இல்லை. என் கீழ்க் கட்டில் காலி. கூப்பிட்டால் பதில் இல்லை. சேவியரும் கியோர்கியும் திரும்ப மேலே ஏறிவிட்டார்கள். டார்ச் எடுக்க வந்த பாலா மேல் கட்டிலில் நீட்டிக்கொண்டிருந்த என் சாக்ஸைப் பார்த்திருக்கிறான்.

மாற்றி மாற்றி விசில் ஊதினோம். வெகு நேரம் கழித்து இரண்டு உருவம். சேவியர் மீசையெல்லாம் பனி, கையில் பனி அள்ளும் ஷவல். ஓரிடத்தில் பனி சரிந்து கிடந்ததாம். சிக்னல் இல்லை என்று கியோர்கி சொல்லியும் கேட்காமல் தோண்டிக்கொண்டே இருந்தானாம்.

என்னை மேலும் கீழும் பார்த்தான். அடுத்தவன் கார்டைத் தொடக்கூடாது என்பது யார்டு விதி. அவன் தொடவில்லை.

"கார்ட எடுத்துருங்க சார்."

அவ்வளவுதான். விறகு கொண்டுவருகிறேன் என்று கொட்டகைக்குப் போய் அழுதேன்.

ஞாயிறு, பிப். 9

பனி கொட்டுகிறது. யாரும் வெளியே போகவில்லை. பாலா தனியாகச் சீட்டு ஆடி, தன்னைத்தானே ஏமாற்றுகிறான்.

சேவியர் அடுப்பருகே கையுறை காயவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அலட்சியம் என்று எழுதியது தப்பு, மன்னித்துவிடு என்று.

கையுறையைத் திருப்பிப் போட்டான். "எழுதுனது தப்பில்ல. ஆளக் காணும்னா சைரன் அடிக்கத்தான் செய்யணும். எழுதுறதுக்கு முன்ன என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. அஞ்சு வருசம் ஒரே தட்டுல தின்னுருக்கோம்."

உண்மை. கேட்கவில்லை. காலைக்குள் மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும் என்ற அவசரம். கேட்டிருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பான், அதை எழுதியிருப்பேன். நேற்று கார்டை மறந்த எனக்குக் காய்ச்சல்கூட இல்லை.

எழுந்தான். டீ போட்டான். எனக்கும் ஒரு கப், சர்க்கரை இல்லாமல். எனக்குச் சுகர் என்பதை மறக்கவில்லை.

திங்கள், பிப். 10

இறக்கம். விழுந்தது: நான் 4, பாலா 6, சேவியர் 0. அட்டைக் கார்டுகளை அடுப்பில் போடப் போனேன். கியோர்கி பிடுங்கி வைத்துக்கொண்டார். குடிலுக்கு வேண்டுமாம்.

புதன், பிப். 12. புஜைரா

டூட்டி. வியர்வை. கையெழுத்துப் போட்ட வேலை பெர்மிட் 11. முழங்கால் வீக்கம், ஐஸ் வைக்க வேண்டும்.

காலையில் யார்டு கேட்டில் சேவியர், "குட் மார்னிங் சார்." சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க மனசு சரியில்லை.

ஷிஃப்ட் முடிந்தும் கடைசி டேங்க் அடியில் ஒரு வால்வு வேலை இழுத்தது. நானும் அங்கேயே நின்றேன். உள்ளே போன் கூடாது, வாக்கி-டாக்கி மட்டும். யார்டு முழுக்கக் கேட்கும் அந்தச் சேனலில் சேவியர் குரல்.

"ஏல ரவி. கார்டு தொங்குது. உள்ளதான் இருக்கியா?"

உள்ளேதான் இருக்கிறேன் என்றேன்.

"சரி. கேட்ல நிக்கேன், வா."