புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

வியாழக்கிழமை. மழை.

குலசேகரம் ரப்பர் தோட்டக்காரர் இன்று மறுபடி பட்டறைக்கு வந்தார், போன மாதம் நான் செப்பனிட்டுக் கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. அதன் இரும்பில் தேய்ந்துபோயிருந்த உள்ளான் குருவிச் சித்திரங்களை இறகு இறகாகத் திரும்பச் செதுக்கியிருந்தேன். பிறகு அந்த இரும்பை எலும்புக்கரியில் புதைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, மேகம் மேகமாக நீல நிறமும் பழுப்பு நிறமும் அதில் வரவழைத்திருந்தேன்.

இன்று உறையைப் பிரித்தால் எவர்சில்வர் தட்டு மாதிரிப் பல்லிளிக்கிறது.

"நீ தந்தப்பம் ஒரே கறையாட்டு இருந்துது மக்கா. வீட்டுல புளி போட்டுத் தேச்சு எடுத்துட்டா. இப்பம் எப்பிடி மின்னுகு, பாத்தியா?"

பாராட்டுக்குக் காத்து நின்றார். குத்துவிளக்குக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டுக்கு லைசென்ஸ் ஒரு கேடு! "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

விசைக்குப் பக்கத்தில் நகக்கண் அளவு நீலம் மட்டும் தப்பியிருந்தது. நான் அதையே பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"அய்யோ, இது விட்டுப்போச்சே" என்று கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

எச்சிலுக்கெல்லாம் அது போகாது. போகவில்லை என்று தெரிந்தால் வீட்டில் மறுபடி புளியைக் கரைப்பார்கள். துப்பாக்கியைக் கையிலிருந்து வாங்கினேன்.

"போயாச்சு அண்ணாச்சி" என்று சொல்லி, உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.