ஒன்பதாவது வரி

மார்ச் 4

அன்புள்ள போர்வைக்கு,

இந்தப் பெயரைப் பார்த்ததுமே கடிதத்தைக் கிழிக்கக் கை துறுதுறுக்கும். படித்துவிட்டுக் கிழி. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிய நம் வேலையைப் போன மாதம் மறுபடி தூசி தட்டினோம். புரதம் கட்டும்போது ‘நிறுத்து’ என்று குறி வரும் இடத்தில் நிற்காமல், நாம் ஊட்டுகிற புது அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டு மேலே போகும்படி பாக்டீரியாவைப் பழக்கினோமே, அதேதான். உன் கையில் முழுப் புரதம் வந்தது. நான் செய்து பார்த்தபோது பாதியிலேயே நின்றது. “மறுபடி செஞ்சா வரல சார்” என்று ஆய்வகத் தலைவரிடம் சொன்னவள் நான். அடுத்த வாரமே நீ வேலையை விட்டுப் போனாய்.

இந்த முறை எனக்கே வந்துவிட்டது, முழு நீளத்துக்கு. ஒரே ஒரு வித்தியாசம்தான். அமிலம் செய்து கொடுத்த வேதியியல்காரர், கைவசம் வேறு இல்லை என்று பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். அதில் கொஞ்சம் எடுத்து நிறமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். இரண்டு நாளில் மஞ்சளாகிவிட்டது. அதைப் போட்டு வளர்த்தால், பழையபடி பாதிப் புரதம்.

உன் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஆறாவது வரி: ‘குப்பியைப் போர்த்தி வை.’ நீ கறுப்புக் காகிதம் சுற்றி அதன்மேல் துணியும் போட்டு வைப்பாய். நான் “குழந்தைக்குக் குளிருதா?” என்று கேட்டு ஊரையே சிரிக்க வைப்பேன். எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லையே என அந்தக் காகிதத்தைக் கழற்றிப் போட்டதும் நான்தான். தப்பு முழுக்க என்னுடையது. மன்னிப்பாயா?

உன் அவசரக்குடுக்கை

மார்ச் 13

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பாட்டில் வருகிறது. எந்தத் தண்ணீரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

காகிதத்தைக் கழற்றியதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வெளிச்சம் ஆகாது என்பது அப்போது எனக்கே சந்தேகம்தான், நிரூபணம் இல்லை.

ஆனால் தலைவரிடம் நீங்கள் சொன்ன அன்றைக்குப் படிக்கட்டில் நிறுத்தி உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நான் எழுதினது எல்லாத்தையும் செஞ்சியா?” நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இப்படிக்கு,
தண்ணீர்க்காரி

மார்ச் 17

அன்புள்ள போர்வைக்கு,

நினைவிருக்கிறது. “ஆமாம், எல்லாம் செஞ்சேன்” என்றேன். சொல்லும்போதே காகிதம் கழற்றியது ஞாபகம் வந்தது. அதெல்லாம் ஒரு விஷயமா என்று ஒரு அலட்சியம். நீ என்னை நம்பினாய். என்னை நம்பியதால் உன் கையையே சந்தேகப்பட்டாய். அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த முடிவை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறோம். நேற்றுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அஞ்சு வருஷம் ஆச்சும்மா. எதுக்கு இப்பக் கிளறணும்?” என்றார்.

“அவ பேரு இல்லாம இந்தக் கட்டுரை வெளிய போகாது சார். போகணும்னா என் பேரையும் எடுத்துடுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில், “அவங்க சம்மதம் எழுத்துல வேணும்” என்று இறங்கி வந்தார். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால் கட்டுரை இங்கேயே கிடக்கட்டும். நான் அசையப் போவதில்லை.

அ. கு.

மார்ச் 26

அம்மையீர்,

பிடிவாதம் என் குணம் என்று நினைத்திருந்தேன். தொற்றிக்கொண்டதா?

பெயர் கொடுப்பதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இத்துடன் பன்னிரண்டு வரிகள் எழுதி வைத்திருக்கிறேன். அதன்படி ஒரு முறை செய்யுங்கள். அமிலம் போட்டு ஒரு குடுவை, போடாமல் ஒரு குடுவை. என்ன வந்தது என்று எழுத வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

தண்ணீர்க்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள போர்வைக்கு,

செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் ஐந்து வரி அப்படியே. ஆறாவதற்குக் கறுப்புக் காகிதம், அதன்மேல் துணி. வேதியியல்காரர் எட்டிப் பார்த்து “என்னங்க, குளிருதா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாவதில், குடுவைகளை ஆட்டும் குலுக்கியின் சூட்டை இரண்டு தடவை பார்த்தேன். எட்டாவதும் அப்படியே.

ஒன்பதாவது வரி: ‘அமிலம் ஊற்றும் முன் உள்ளறை விளக்கை இடது கையால் அணை.’ பழக்கத்தில் வலது கையால் அணைத்துவிட்டேன். அணைத்து, ஊற்றியும் ஆகிவிட்டது. அப்புறம்தான் தாளைப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. இடது கை எதற்கு என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. அதில் ஒன்றும் இருக்காது என்றுதான் மனசு சொன்னது. அன்றைக்கும் மனசு இதையேதான் சொன்னது.

இரண்டு குடுவையையும் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூன்று நாள் வீண். இரண்டாம் தடவை வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் அணைத்தேன். மிச்ச மூன்று வரியும் நீ எழுதியபடியே.

சம்மதம் தருவதும் தராததும் உன் இஷ்டம். நான் செய்தது இவ்வளவுதான்.

அ. கு.

ஏப்ரல் 15

அடி அவசரக்குடுக்கை,

ஒன்பதாவது வரிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எந்தக் கையால் விளக்கை அணைத்தாலும் பாக்டீரியாவுக்கு ஒன்றுதான். ‘எல்லாம் செய்தேன்’ என்று மட்டும் எழுதுகிறாயா என்று பார்க்கத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். அப்படி எழுதியிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது.

மூன்று நாளைக் கொட்டினாயாமே! படித்துவிட்டுப் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டு வந்தார், அதுவும் பரிசோதிக்காத தண்ணீர்.

சம்மதக் கடிதம் உள்ளே இருக்கிறது. யார் பெயர் முதலில் என்று சண்டை போட ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்ன வந்தது என்று நீ எழுதவில்லை, நல்ல பெண். இப்போதும் சொல்லாதே. வந்து நானே பார்க்கிறேன்.

அதுவரை போர்த்தி வை.

உன் போர்வை