மூன்று மணிக்கு முந்தைய விலை

மார்ச் 4, செவ்வாய்

நாலைந்து மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பம் சேர்ந்ததும் ஒரே மூச்சில் கணினியில் ஏற்றுவது என் பழக்கம். இன்றும் அப்படித்தான். மேலாளர் என் மேசைப் பக்கம் வந்தார். "பதிவுகளுக்கு ஒப்புதல் குடுக்குற வேலை அடுத்த மாசம் காலியாகுது. உங்க பேரச் சொல்லியிருக்கேன். பதினோரு வருஷத்துல ஒரு திருத்தம்கூட இல்லையே!"

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அப்போ இனிமே ஆபீஸ்லயும் நீ வச்சதுதான் சட்டமா?" என்றார்.

மார்ச் 19, புதன்

தையற்கடை அம்மா வந்திருந்தார். ஒன்பது வருடம் சேர்த்த 4,200 யூனிட்டையும் இந்த மாதம் நாலாம் தேதி விற்கக் கொடுத்தவர். புதுக் கடைக்கு அட்வான்ஸ்.

"நான் போட்ட கணக்குக்கு நாலாயிரத்து எண்ணூறு சொச்சம் கொறையுது மேடம். நான்தான் தப்பாப் போட்டுட்டேன் போல. ஒரு மெஷின வித்துக் கட்டிட்டேன்."

"வெல தெனமும் மாறும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 20, வியாழன்

மனசு கேட்காமல் அவர் விண்ணப்பத்தை எடுத்தேன். வாங்கியபோது நான் குத்திய நேர முத்திரை, மதியம் 2.48. கணினியில் 3.06. மூன்று மணிக்குள் கைக்கு வந்தால் அன்றைய விலை. தாண்டினால் மறுநாள் விலை. பிறகு ஏற்றினால், கணினி காட்டும் நேரத்தை முத்திரை நேரமாக நாமே மாற்றிப் போட வேண்டும். மறந்திருக்கிறேன். மறுநாள் விலை யூனிட்டுக்கு 1.15 ரூபாய் சரிந்திருந்தது.

அந்தக் காகிதம் என் அலமாரியில். சாவி என்னிடம். யாருக்குத் தெரியப்போகிறது? — எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 21, வெள்ளி

"என்னடி, யாரையாவது அடிச்சிட்டு வந்த மாதிரி இருக்க?" என்றார் இவர். சொல்லவில்லை. அந்தம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனாரே, அதுதான் தாங்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால், நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேனோ?

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேலாளர் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டவங்களே சும்மா போயிட்டாங்க. நீங்க ஏங்க கெளப்புறீங்க? திருத்தம்னு போட்டா உங்க பேரோட நிக்கும். அப்புறம் அந்த வேலைக்கு நான் வாயே தொறக்க முடியாது."

"தெரியும் சார். போடுங்க."

பழைய பதிவை நீக்கி, 2.48 என்று மறுபடி ஏற்றினோம். காரணம் கேட்ட கட்டத்தில் நானே தட்டினேன்: பதிந்தவரின் தவறு. வித்தியாசத்தை நிறுவனம் கொடுக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

அந்த வேலை பக்கத்து மேசைக்காரிக்கு. நல்ல பெண்தான். வயிறு எரியவில்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தையற்கடை அம்மா வந்தார்.

"பணம் வந்துச்சு. வித்த மெஷினத் திருப்பிக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க." என் முகத்தைப் பார்த்து, "அன்னிக்கு வெல மாறும்னீங்களே?"

"பாக்காமலே வாய்க்கு வந்தத சொல்லிட்டேம்மா. தப்பு என்னுது."

பையிலிருந்து ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். மாதம் ஐந்நூறு ரூபாய் போட. இன்னொரு மெஷினுக்காம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்க ஏத்துங்க. நான் நின்னு பாத்துட்டே போறேன்."

திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.