சக்கரத்தில் மாட்டாத பிரேக்

குட்டி, சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

பைக்கைப் பார்த்ததும் கத்தாதே. நீ வாங்கிய புது முன்பிரேக் சக்கரத்தில் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் பிரேக் லீவரை நாலைந்து தடவை அழுத்திவிட்டேன். பிரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்து, தரையெல்லாம் பிரேக் ஆயில். உள்ளே தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா சார்? சாயங்காலம் வர்றேன்" என்றார். அவரிடம் கொடுக்க, சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

ரேஸுக்குப் போகாதே என்று நேற்று குதித்தேன்தான். அதற்காக வேண்டுமென்றே கெடுத்தேன் என்று நினைக்காதே.

அப்பா

ஆயிலை நான் துடைத்த துணி உன் புதுச் சட்டையாம். அம்மா இப்போதுதான் சொன்னாள்.

நீ எப்படியும் ரேஸுக்குப் போவாய். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் அழுத்தினேன்.