ரொட்டியில் விட்ட சொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் குர்ஜானியில் குளிர் வந்துவிட்டதா? உங்கள் மூச்சிரைப்பு தேவலையா? இத்தாலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை முதலாளியம்மா ஒர்னெல்லா குடும்பத்தோடு திராட்சை மலைகளைச் சுற்றக் காரில் போனோம். நான் பார்த்துக்கொள்ளும் அவள் மகன், இரண்டரை வயது எலியோ, வழியெல்லாம் வாந்தி. ஒரு தோட்டத்தில் மதியச் சாப்பாடு. ஒயின் வந்ததும், நம் ஊரில் இறந்தவர்களுக்கு விடுவதுபோல, அப்பாவை நினைத்து ரொட்டியில் ஒரு சொட்டு விட்டேன்.

“ஐயோ சியாலா, புள்ள எடுத்துத் தின்னுடப் போறான்!” என்று ஒர்னெல்லா கத்தினாள்.

அவன் தின்னவில்லை. அந்த ரொட்டியை ஆளில்லாத கொடி வரிசைப் பக்கம் நீட்டி, “தாத்தாவுக்கு!” என்றான்.

“எந்தத் தாத்தாடா?” என்றாள் ஒர்னெல்லா.

இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பாவைப் பற்றியோ அவர் காலைப் பற்றியோ அவனிடம் நான் பேசியதே இல்லை.

பயப்படாதீர்கள், குழந்தை விளையாட்டு. முடிந்தால் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். எலியோ எழுந்துவிட்டான், முடிக்கிறேன்.

அம்மா, அடக்கத்துக்கே வராத நான் அவரை இங்கே கூப்பிட்டிருக்கக் கூடாது. கதவோரம் இருக்கும் அவர் கைத்தடியைக் கல்லறையில் வைத்துவிடுங்கள். இவ்வளவு தூரமும் அது இல்லாமலே நடந்திருக்கிறார்.

சியாலா