ஆறு அறையிலும் 1265

மார்ச் 9
அலமாரியைத் துடைக்கும்போது கைதவறி ஹைட்ரோமீட்டரை உடைத்துவிட்டேன். பேட்டரித் திரவத்தை உறிஞ்சி அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய். வண்டி ஓட்டுவது நான், பேட்டரி அவர் பொறுப்பு. வீட்டை விற்று இந்த வீட்டுவண்டியை வாங்கியபோது பேசிக்கொண்டது. கத்துவார். துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2
கேட்கவில்லை. புதிதாக வாங்கிவிட்டார் போல. தப்பித்தேன்.

ஜூன் 11
குளிர்பெட்டி நின்றுபோய் என் இன்சுலின் முழுக்க வீண். தலை கிறுகிறுக்கிறது. கூரைமேல் சோலார் பலகை, கொளுத்தும் வெயில், ஆனால் பேட்டரியில் உயிரில்லை. "அதுக்கும் வயசாயிடுச்சு, நமக்கும் வயசாயிடுச்சு. பையன் வீட்டுக்கே போயிடலாம்" என்றார். முதலிலிருந்தே அவருக்கு அங்கேதான் ஆசை, வாய்விட்டுக் கேட்டதில்லை. பாவம், மாதம் தவறாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், என்ன செய்வார்?

ஜூன் 12
மெக்கானிக் அம்மா பேட்டரி மூடிகளைத் திறந்தார். உள்ளே தண்ணீர் வற்றித் தகடுகள் தெரிந்தன. "மாசாமாசம் ஈக்வலைஸ் பண்ணீங்களா? கொஞ்ச நேரம் கூடுதலா சார்ஜ் ஏத்தினாதான் ஆறு அறையும் ஒண்ணுபோல நிக்கும்."

எனக்கு ரோஷம். அவருடைய நோட்டை எடுத்து நீட்டினேன். முத்து முத்தான கையெழுத்து: ஏப்ரல், மே, ஜூன், ஆறு அறையிலும் அடர்த்தி 1265.

"எதால அளந்தீங்க?" என்று அவரைக் கேட்டார் மெக்கானிக் அம்மா.

அவர் அலமாரியைத் துழாவினார். என்னைப் பார்த்து, "நம்ம பழைய ஹைட்ரோமீட்டரை எங்க வெச்சே? போன வாரம்கூட இருந்துச்சே!"

போன வாரமா? அப்போ புதிது வாங்கவே இல்லை. பழையது மார்ச்சிலேயே குப்பைக்குப் போனதாயிற்றே!

ஜூன் 13
கேட்டே விட்டேன். "வேணும்னேதான் பாக்கல. பேட்டரி செத்துப்போச்சுன்னா பையன் வீட்டுக்கு நீயே சரின்னுடுவேன்னு நெனச்சேன்" என்கிறார். குளிர்பெட்டியில என் மருந்து இருக்குன்னு தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான். எப்படிங்க மனசு வந்துச்சு? வாயைத் தொறந்து கேட்டிருந்தா வந்திருப்பேனே – முப்பத்தெட்டு வருஷமா எதுக்கு மாட்டேன்னேன்?

நானும்தான் குழாயை மறைத்தேன். அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. இல்லவே இல்லை.

ஜூன் 16
தகடு முங்கக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, நேற்று முழுக்க சார்ஜ். இன்று மெக்கானிக் அம்மா சொன்னபடி விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோலார் கன்ட்ரோலரில் ஈக்வலைஸை அழுத்தினேன். நான்கு மணி நேரம் உள்ளே உலை கொதிக்கிற சத்தம். மணிக்கொரு தடவை புதுக் குழாயால் அளந்தேன். "நான் பாக்கட்டுமா?" என்றார். குழாயை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

1260, 1260, 1255, 1260, 1190, 1260. ஐந்தாவது அறை தேறவில்லை.

"அதையும் 1260ன்னே போடேன், பாக்க நல்லாருக்கும்" என்கிறார். திருந்தாத ஜென்மம்! உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

ஜூன் 24
இரண்டாம் முறை. ஐந்தாவது 1220.

ஜூலை 1
மூன்றாம் முறை. ஐந்தாவது 1240. போதும். குளிர்பெட்டி நிற்காமல் ஓடுகிறது, புது இன்சுலின் சில்லென்று இருக்கிறது.

ஜூலை 3
அவர் ஆசைப்பட்டபடியே பையன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். தன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "உன் பெட்டி எங்க?" என்று கேட்டார்.

நான் இன்ஜினை அணைக்கவில்லை.